டர்போ சொகுசு கார் மக்கர் செய்தால்: டர்போவுக்குக் காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பிஎம்டபிள்யூ 328ஐ என்ற பெயரில் முன்பு வந்த வண்டியில் இருந்தது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ (எக்சாஸ்ட் காற்றில் சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) இல்லாத என்52 எஞ்சின். 2012-இல் அதே பெயரோடு வந்த வண்டியில் இருப்பது இரண்டு லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ வைத்த என்20. எம்3-இல் 4 லிட்டர் வி8 போய் 2014-இல் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் வந்தது. லெக்சஸ் எல்எஸ்-இல் 4.6 லிட்டர் வி8 இருந்த இடத்தில் அடுத்து வந்தது இரட்டை டர்போ வி6. ஆக, பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் அடுத்த தலைமுறை வண்டி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் டர்போ வண்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஆனால் பழைய வண்டியில் பழகிய காதும் காலும் மாறவில்லை.

கோளாறு வந்தால் நடப்பது இதுதான். பிக்கப் குறைந்தாலும், புகை வந்தாலும், விசில் கேட்டாலும், "டர்போ போயிடுச்சு சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்து லட்சக்கணக்கில் எஸ்டிமேட் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்லி அனுப்பப்பட்டு வரும் வண்டிகளில் நிறையவற்றில் டர்போ நன்றாகவே இருக்கிறது. உடைந்தது ஒரு பிளாஸ்டிக் குழாயாக இருக்கும், கிழிந்தது ஒரு ரப்பர் டயஃப்ரமாக இருக்கும். அதற்காகத்தான் இந்த வரிசை. ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியதில் தொடங்கி, செலவு கூடக் கூடக் கீழே போகிறது. நடுவில் காரணம் கிடைத்துவிட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள், கீழே இருப்பதைத் தொடவே வேண்டாம்.

எல்லாமே பெட்ரோல் எஞ்சினுக்கு. டீசல் டர்போ வேறு கதை.

## எதைத் தொடுவதற்கும் முன்

முதல் வேலை ஸ்கேனர் போடுவது. அது காட்டும் கோளாறு எண்களை, அதாவது கோடுகளை (code), படம் எடுத்து வையுங்கள், அழிக்காதீர்கள். அழித்துவிட்டு "லைட் போயிடுச்சு, சரியாயிடுச்சு" என்று வண்டியைக் கொடுக்கும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள், ஏனென்றால் கோளாறு எந்த ஆர்பிஎம்-இல், எந்தச் சூட்டில் வந்தது என்று எஞ்சின் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்ததும் அதோடு போய்விடும். கோடு என்பது திசை மட்டும். பி0299 வந்தால் காற்றழுத்தம் போதவில்லை என்று அர்த்தம், டர்போ போய்விட்டது என்று அர்த்தமில்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் முந்தைய ஓனர் ரீமேப் (பவரைக் கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) செய்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். ரீமேப் செய்த வண்டியில் பிளாஸ்டிக் குழாய், பிளக், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் எல்லாமே சீக்கிரம் போகும், அதனால் தேட ஆரம்பிக்கும் இடமே மாறும்.

அப்புறம், கீழே உள்ளதில் எது வந்தாலும் சோதனை எல்லாம் வேண்டாம், ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள்: சிவப்பு ஆயில் லைட், சிவப்பு டெம்பரேச்சர் லைட், இரும்பும் இரும்பும் உரசும் சத்தம், நிற்காமல் வரும் கனமான புகை. "அடுத்த சிக்னல் வரைக்கும்" என்று ஓட்டியதில் டர்போவோடு எஞ்சினும் சேர்ந்து போன வண்டிகள் நிறைய.

## பிக்கப் திடீரென்று குறைந்துவிட்டது

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். எப்படிக் குறைந்தது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

### "டப்" என்று ஒரு சத்தம், அதற்கப்புறம் இழுவையே இல்லை

டர்போ அழுத்திய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரிலிருந்து, எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்குப் போகும் குழாய் உடைந்திருக்கும் அல்லது கழன்றிருக்கும். பிஎம்டபிள்யூ என்54, என்55, என்20 மூன்றிலும் இந்தக் குழாய் பிளாஸ்டிக். சூட்டில் வருடக்கணக்கில் காய்ந்து, ஒரு நாள் ஓவர்டேக் பண்ண அழுத்தி மிதிக்கும்போது வாய்ப்பகுதியில் பிளந்துவிடும். பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறிய பிறகு, குழாயைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கழன்றிருந்தால் கிளிப்பைச் சரியாக உட்கார வைத்தால் போதும். பிளந்திருந்தால் பசை, டேப் எல்லாம் நிற்காது, அலுமினியக் குழாய் கிடைத்தால் அதையே போட்டுவிடுவது நல்லது. ஓட்டுநர் இருக்கைக்கு இது எஞ்சினே வெடித்ததுபோல் கேட்கும், பயந்துவிடாதீர்கள்.

### மிதிக்கும்போது மட்டும் "உஸ்" என்று காற்று போகிறது

பெரிதாக உடையவில்லை, எங்கேயோ கசிகிறது. டார்ச் எடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போ, டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து த்ராட்டில் என்று ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஓஸ் சேரும் இடத்தில் வெளிப்பக்கம் ஆயில் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். குழாயின் உட்பக்கம் மெல்லிய ஆயில் படலம் இருப்பது எல்லா டர்போ வண்டியிலும் உண்டு, அதைக் காட்டி டர்போ சீல் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாயைக் கவிழ்த்தால் ஆயில் ஊற்றுகிறது என்றால்தான் கவலை.

கண்ணுக்குத் தெரியவில்லையா? ஸ்மோக் டெஸ்ட் செய்யும் இடத்துக்குப் போங்கள். குழாய்களுக்குள் புகையை விட்டு எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். டர்போ விலையோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை, ஆனாலும் இதைச் செய்யாமலேயே டர்போவுக்கு ஆர்டர் போடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். உங்கள் வண்டிக்கு டர்போ மாற்றச் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஸ்மோக் டெஸ்ட் போட்டீர்களா?

### சத்தமே இல்லை, பி0299 மட்டும் வந்து வந்து போகிறது

வரிசையாகப் போங்கள்.

ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் இது சகஜம்.

அடுத்து டைவர்ட்டர் வால்வ், அதாவது காலை எடுத்ததும் மிஞ்சும் காற்றழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வ். ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் வரும் இரண்டு லிட்டர் டிஎஃப்எஸ்ஐ எஞ்சினில் பழைய வகை வால்வுக்குள் ரப்பர் டயஃப்ரம் இருக்கும், அது கிழியும். வண்டியைத் தூக்கி அடியிலிருந்து சில போல்ட் கழற்றினால் கையில் வந்துவிடும், கிழிசல் கண்ணாலேயே தெரியும். பின்னால் வந்த பிஸ்டன் வகை வால்வ் தாங்குகிறது.

அதற்கடுத்து வேக்குவம் ஓஸ்கள். இங்கேதான் எந்த எஞ்சின் என்று தெரிந்திருக்க வேண்டும். வேஸ்ட்கேட் என்பது எக்சாஸ்ட் காற்றை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு. என்54-இலும், என்20, என்55-இல் பலவற்றிலும் அதை மூடிப் பிடிப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடத்தின் இழுப்பு. சின்ன ரப்பர் ஓஸ் ஒன்று வெடித்தால் வேஸ்ட்கேட் திறந்தே கிடக்கும், அழுத்தம் ஏறாது. டர்போ செத்துவிட்டது போலவே இருக்கும், ஆனால் தீர்வு ஒரு முழம் ஓஸ். ஆடியின் ஈஏ888 எஞ்சினில் முதல் இரண்டு தலைமுறைகளில் கதை நேர்மாறு, அங்கே காற்றழுத்தமே வேஸ்ட்கேட்டைத் திறக்கிறது, அந்த ஓஸ் கசிந்தால் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறி பி0234 கோடு வரும். மூன்றாம் தலைமுறையில் மின் மோட்டார் வந்துவிட்டது, ஓஸைத் தேடிப் பயனில்லை, ஸ்கேனரில் ஆக்சுவேட்டர் டெஸ்ட் போடுங்கள்.

ஓஸ் நன்றாக இருந்தால் அதை மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்ட் வால்வ், அப்புறம் பிரஷர் சென்சார். இவற்றைக் குருட்டாம்போக்கில் மாற்றாமல், எஞ்சின் கேட்கும் அழுத்தம் எவ்வளவு, கிடைக்கும் அழுத்தம் எவ்வளவு என்று ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதே பாதி விடை. கடைசியில், எக்சாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைப்பு. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போவைத் திறந்து பார்க்கும் கட்டம் வருகிறது.

### டிராஃபிக்கில், வெயிலில் மட்டும் மந்தம்

சித்திரை வெயிலில் சிக்னல் சிக்னலாக ஊர்ந்துவிட்டு, காலி ரோடு கிடைத்ததும் மிதித்தால் முதல் இரண்டு மிதிக்கு வண்டி சோம்பலாகத்தான் போகும். உள்ளே போகும் காற்று சூடாகிவிட்டதால் எஞ்சின் கம்ப்யூட்டரே பவரைக் குறைக்கிறது. ஓட ஆரம்பித்து காற்று பட்டதும் சரியாகிவிட்டால் கோளாறு இல்லை. சரியாகவில்லை என்றால் முன் பம்பருக்குள் டார்ச் அடித்து இன்டர்கூலரைப் பாருங்கள். சேறு, பூச்சி, பிளாஸ்டிக் கவர், கிரில்லுக்குப் பின்னால் யாரோ கட்டிய கொசுவலை என்று எது வேண்டுமானாலும் இருக்கும். குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும், பிரஷர் வாஷை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

### மேல் ஆர்பிஎம்-இல் மட்டும் வேகம் ஏறுவதில்லை

கோடு எதுவும் இல்லை என்றால் இது பெரும்பாலும் எஞ்சினின் குணம். பழைய எம்3-இன் வி8-க்கு உச்ச பவர் வந்தது 8300 ஆர்பிஎம்-இல், அதை அந்த ஆர்பிஎம் வரை விரட்டினால்தான் சுகம். என்20-க்கு 350 நியூட்டன் மீட்டர் டார்க் 1250-இலேயே வந்து 4800 வரை நிற்கிறது, அதற்கு மேல் விரட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இதற்காக வொர்க்‌ஷாப் போக வேண்டாம், சீக்கிரம் கியர் மாற்றிப் பழகிக்கொள்ளுங்கள். அதேபோல மிதித்ததும் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாய்வது, எக்கோ மோடில் இருந்தால் இன்னும் கூடும். ஸ்போர்ட் மோடில் போட்டுப் பாருங்கள், அங்கே நன்றாக இருந்தால் வண்டியில் ஒன்றுமில்லை.

## புகை

நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம். பின்னால் இன்னொரு வண்டியில் யாரையாவது வரச் சொல்லி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

### நீலப் புகை

சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது ஒரு கொத்தாக வந்து, அப்புறம் இல்லையென்றால் வால்வ் சீல் மேல் சந்தேகம். பிஎம்டபிள்யூவின் என்63 வி8-க்கு இது தெரிந்த வியாதி. அதில் டர்போக்கள் இரண்டும் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால் மேல்பகுதி முழுக்க வெந்துபோகிறது, ரப்பர் சீல்கள் கல்லாகிவிடுகின்றன. இது பெரிய வேலை, அந்த எஞ்சினைப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் தொடர்ந்து வந்தால், டர்போவைச் சொல்வதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இழுத்து வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். சோதனை எளிது. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தூக்குங்கள். லேசான இழுப்பும், திறந்ததும் எஞ்சின் கொஞ்சம் தடுமாறுவதும் சாதாரணம். மூடியைத் தூக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சுகிறது, ஊளையிடும் சத்தம் வருகிறது, மூடியைத் திறந்ததும் அந்தச் சத்தம் நிற்கிறது என்றால் பிசிவி டயஃப்ரம் கிழிந்துவிட்டது. ஈஏ888-இல் அது எஞ்சின் மேலேயே தனி உருப்படி, கழற்றி மாட்டிவிடலாம். என்20, என்55-இல் வால்வ் கவருக்குள்ளேயே சேர்ந்து வருவதால் கவர் முழுவதும் மாற்ற வேண்டும். அப்படியும் டர்போ விலையில் ஒரு சிறு பகுதிதான்.

பிசிவி நன்றாக இருக்கிறதா? அப்படியானால் டர்போவிலிருந்து ஆயில், எஞ்சினின் அடியில் அது தங்கும் சம்ப்புக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கீழே இறங்க வழியில்லாவிட்டால் நல்ல டர்போவின் சீல் வழியாகவும் கசியும். அந்தக் குழாயைப் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் புகைக்கும்.

### வெள்ளைப் புகை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து சில நிமிடத்தில் நின்றால் நீராவி, விடுங்கள். இனிப்பு வாடையோடு வந்துகொண்டே இருந்து கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங். ரேடியேட்டர் தொட்டியில் சிலிண்டரில் எரிந்த புகை கலக்கிறதா என்று பார்க்கும் திரவச் சோதனை உண்டு, நீலத் திரவம் மஞ்சளாகும், அதைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற விடாதீர்கள். இனிப்பு வாடை இல்லாமல் எண்ணெய் கருகிய நாற்றத்தோடு ரோட்டையே மறைக்கும் அளவுக்கு வெள்ளைப் புகை வந்தால், டர்போ ஆயிலை நேராக சூடான எக்சாஸ்டில் கொட்டுகிறது. உடனே அணைத்துவிடுங்கள்.

### கருப்புப் புகை

பெட்ரோல் அதிகமாக எரிகிறது. மேலே சொன்ன காற்றுக் கசிவிலிருந்தே தொடங்குங்கள்.

## ஆயில் குறைகிறது, புகையும் தெரியவில்லை

முதலில் சரியாக அளக்கிறீர்களா? இந்த பிஎம்டபிள்யூக்கள் பலவற்றில் டிப்ஸ்டிக்கே கிடையாது. எஞ்சின் முழுச் சூட்டில், சமதளத்தில் நிறுத்தி, திரையில் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். அரை அரை லிட்டராக ஊற்றி மறுபடி அளங்கள். அதிகம் ஊற்றினால் அது பிசிவி வழியாகக் காற்றுக் குழாய்க்குள் போய் நீலப் புகையாக வரும், அப்புறம் இல்லாத வியாதிக்கு வைத்தியம் பார்க்க வேண்டியதாகிவிடும்.

டர்போ இல்லாத வண்டியிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும்: சர்வீஸுக்கு சர்வீஸ் ஆயிலைப் பார்க்கவே வேண்டாம் என்ற பழக்கம் இங்கே ஆபத்து. டர்போ நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல், அளவு குறைந்தால் முதலில் அடிபடுவது அதன் பேரிங். ஆடியின் கையேட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறையலாம் என்று எழுதியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ரொம்பத் தாராளமான கணக்கு. அந்த அளவை நெருங்கும் வண்டியை நான் நல்ல வண்டி என்று சொல்ல மாட்டேன்.

சரி, உண்மையிலேயே குறைகிறது என்றால்:

வெளியே கசிகிறதா? வண்டி நிற்கும் இடத்தில் அட்டை விரித்து ராத்திரி விட்டுப் பாருங்கள். பிஎம்டபிள்யூவில் வால்வ் கவர் கேஸ்கெட்டும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் அடிக்கடி போகும், டர்போ இல்லாத என்52-லும் அப்படித்தான். இந்த இரண்டாவதைத் தள்ளிப் போடவே போடாதீர்கள். அந்த ஆயில் ஃபேன் பெல்ட்டின் மேல் சொட்டி, பெல்ட் வழுக்கிக் கழன்று, கிராங்க் சீல் வழியாக எஞ்சினுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போன வண்டிகள் உண்டு. சின்ன கேஸ்கெட்டில் முடிய வேண்டியது எஞ்சினைப் பிரிப்பதில் போய் நிற்கும்.

கசிவு இல்லையா? பிசிவி சோதனை, மேலே சொன்னதுதான்.

அதுவும் சரியா? சரியான ஆயில்தானா என்று பில்லை எடுத்துப் பாருங்கள். கையேட்டில் கம்பெனி சொல்லும் தர எண் இருக்கும், பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-01 அல்லது எல்எல்-04, மெர்சிடிஸுக்கு 229.5, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்கு 502 அல்லது 504 என்பதுபோல. டப்பாவில் வெறும் 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அந்த எண் இருக்க வேண்டும்.

எல்லாம் சரி, இன்னும் குடிக்கிறது. 2009-லிருந்து 2011 வரை வந்த ஆடி ஏ4 இரண்டு லிட்டர் என்றால் பிஸ்டனின் ஆயில் ரிங் மேல் சந்தேகப்படுங்கள். ஆயில் வடிய வேண்டிய ஓட்டைகள் சின்னதாக இருந்து கரி அடைத்துக்கொள்ளும். சிலிண்டர் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன், லீக்டவுன் சோதனை, அதோடு பிளக் ஓட்டை வழியாக கேமரா விட்டுப் பார்ப்பது, இவை மூன்றும் முடிந்த பிறகே எஞ்சினைப் பிரிப்பதைப் பற்றிப் பேசுங்கள். இந்த இடத்தில் வண்டியின் விலையையும் வேலையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

## சத்தம்

மிதிக்கும்போது மெல்லிய விசில். டர்போ வண்டியின் இயல்பு. முன்பு இல்லாமல் புதிதாக வந்து, நாளுக்கு நாள் கூடி, ஆம்புலன்ஸ் சைரன் போல ஆர்பிஎம்-ஓடு ஏறினால் மட்டும் கவனியுங்கள். எஞ்சின் ஆறியபின் டர்போவின் முன்பக்க ஓஸைக் கழற்றி, நடுவில் தெரியும் நட்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகக் கொஞ்சம் ஆடுவது சரி. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி பிளே இருந்தாலோ, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ முடிந்தது.

காலை எடுக்கும்போது தகரம் தட்டுவதுபோல் கலகல. வேஸ்ட்கேட் தேய்மானம். என்54-இல் இது பிரபலம். பவர் குறையாத வரை அவசரமில்லை. ராடை அட்ஜஸ்ட் செய்து கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் அது தற்காலிகம் என்று தெரிந்தே செய்யுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி கரகர. இதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தும் சத்தம். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின். இது டர்போவோடு சம்பந்தப்பட்டதே இல்லை, ஆனால் டர்போ வந்த அதே காலத்து எஞ்சின்களோடு வந்து சேர்ந்தது. ஈஏ888-இல் செயினை இறுக்கிப் பிடிக்கும் பழைய டென்ஷனர் விட்டுக்கொடுத்தால் செயின் பல் தாண்டும், வால்வுகள் பிஸ்டனில் போய் முட்டும், எஞ்சின் குப்பை. மெர்சிடிஸ் எம்271-இல் செயினும் கேம் பல்சக்கரமும் தேய்ந்து பி0016, பி0017 கோடு வரும். 2015-க்கு முந்தைய என்20-இல் செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் நொறுங்கும். அதற்கு அறிகுறி முன்பக்கம் கீழிருந்து ஆர்பிஎம்-ஓடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி. அடுத்த ஆயில் மாற்றத்தில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வாருங்கள். இந்தச் சத்தத்துக்கு வீட்டில் செய்யும் சோதனை எதுவும் கிடையாது, முதல் படியே நல்ல மெக்கானிக்தான்.

மெதுவாகப் போகும்போது ஆழ மிதித்தால் டக் டக். முதலில் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணைப் படித்து அதற்குக் குறையாமல் போடுங்கள். அப்புறம், பெரிய கியரில் 1500 ஆர்பிஎம்-இல் போய்க்கொண்டே முழுசாக மிதிக்கும் பழக்கத்தை விடுங்கள். நேரடி ஊசியடிப்பு (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பது) உள்ள டர்போ எஞ்சினில் நேரம் தவறி எரிந்து பிஸ்டனையே உடைக்கும் ஆபத்து இந்த நிலையில்தான். இதற்காகவே 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற ஏபிஐ ஆயில் தரங்கள் வந்தன. டப்பாவில் எஸ்பி இருக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் சத்தம், உள்ளே ஏதோ ஓடும் முனகல். டர்போவை ஆறவைக்கிறது. ஓடி முடிக்கட்டும்.

## மிஸ்ஸிங், ஐட்லிங்கில் குலுக்கல்

எந்த சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்று கோடே சொல்லும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில் போச்சு. நகராவிட்டால் அதேபோல் பிளக். டர்போ எஞ்சினின் பிளக் சீக்கிரம் தேயும், கேப்பும் குறைவாக இருக்க வேண்டும், பழைய வண்டியில் போட்ட கணக்கில் விடாதீர்கள்.

பிளக், காயில் இரண்டும் சரி, காலையில் மட்டும் நடுங்குகிறது, மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றால் இன்டேக் வால்வில் கரி. என்52-இல் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே தெளித்ததால் வால்வ் தானாகக் கழுவப்பட்டது. நேரடி ஊசியடிப்பில் அந்த வசதி இல்லை. டேங்கில் ஊற்றும் கிளீனர் வால்வைத் தொடவே தொடாது, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வதுதான் வழி.

நீளமாக செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது, பி0087 வருகிறது என்றால் ஹை பிரஷர் பம்ப். என்54-இல் இது பழைய தலைவலி. அதற்கு முன் டேங்குக்குள் இருக்கும் சின்ன பம்ப்பின் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள், அது மலிவு. ஹை பிரஷர் லைனை வீட்டில் கழற்றவே கூடாது, உள்ளே இருக்கும் அழுத்தம் தோலைக் கிழிக்கும்.

## சூடு ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது

என்52, என்54, என்55, என்20 எல்லாவற்றிலும் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது, முன்னறிவிப்பே இல்லாமல் நிற்கும். டெம்பரேச்சர் முள்ளும் பல மாடல்களில் கிடையாது, லைட் வரும்போதே விஷயம் முற்றியிருக்கும். நிறுத்துங்கள், மூடியைத் திறக்காதீர்கள், ஆறும் வரை காத்திருங்கள்.

ஆடி இரண்டு லிட்டரில் தெர்மோஸ்டாட்டும் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங் கசியும். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் காய்ந்த ரோஸ் நிறக் கறை தெரியும். தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், டர்போவும் அதே கூலன்ட்டில்தான் ஆறுகிறது.

கூலன்ட் மாற்றிய பிறகும் சூடு ஏறினால் பெரும்பாலும் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. மின் பம்ப் உள்ள பிஎம்டபிள்யூவுக்கு வீட்டிலேயே செய்யும் வழி உண்டு: பேட்டரிக்கு சார்ஜர் மாட்டுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் போடுங்கள், ஹீட்டர் முழுச் சூட்டில், ஃபேன் குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரைத் தரையோடு பத்து நொடி அழுத்தி விடுங்கள். பம்ப் தானாக ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம் ஓடி நிற்கும். அப்புறம் கூலன்ட் அளவைப் பார்த்து ஊற்றுங்கள்.

## எல்லாம் பார்த்தாயிற்று, டர்போதான்

அப்படியானால் முதலில் ஏன் போனது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆயில் குறைவாலா, தப்பான ஆயிலாலா, ஆயில் வரும் குழாய் கருகி அடைத்ததாலா, ஃபில்டர் வழியாக ஏதாவது உள்ளே போனதாலா. காரணம் தெரியாமல் மாட்டும் புது டர்போவும் அதே வழியில் போகும்.

எஸ்டிமேட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: ஆயில் வரும் குழாய், திரும்பும் குழாய் இரண்டும் புதிது, எல்லா பேக்கிங்கும் புதிது, புது ஆயில், புது ஃபில்டர், இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலையும் உடைந்த துகள்களையும் கழுவுவது. இறக்கை உடைந்த டர்போ என்றால் இன்டர்கூலரைக் கழுவினால் போதாது, மாற்றிவிடுவதே பாதுகாப்பு. பேரிங் மட்டும் போயிருந்து ஹவுசிங் நன்றாக இருந்தால் நடுப்பகுதியை மட்டும் மாற்றும் வழியும் உண்டு, ஆனால் பேலன்ஸிங் மெஷின் உள்ள இடத்தில், அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மட்டும் செய்யுங்கள்.

மாட்டிய பிறகு முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, பெட்ரோல் வராமல் செய்து செல்ஃப் மட்டும் அடித்து ஆயில் அழுத்தம் ஏற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில நிமிடம் ஐட்லிங்கிலேயே விடச் சொல்லுங்கள், யாரும் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்ட வேண்டாம். கழற்றிய பழைய டர்போவைக் கேட்டு வாங்கி, நட்டைப் பிடித்து நீங்களே ஆட்டிப் பாருங்கள்.